கடிபட்ட இலையைத் தேடுங்கள்

வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று இட்லிப்பூச் செடி வாங்கி வைப்பவர்கள் நிறையப் பேர். நல்லதுதான். ஆனால் பூவுக்கு வருவது தேனைக் குடித்துவிட்டுப் பறந்துவிடும். அது நம் வீட்டிலேயே பிறந்து வளர்வதைப் பார்க்க வேண்டுமானால், புழு தின்னும் இலை வேண்டும். பல வீடுகளில் அது ஏற்கெனவே கொல்லையில் நிற்கிறது: கறிவேப்பிலை.

காலை வெயில் ஏறியதும் அதன் பக்கத்தில் நில்லுங்கள். கறுப்பு இறக்கை கொண்ட கறிவேப்பிலை அழகி, கொழுந்து கொழுந்தாகத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். காரணமில்லாமல் அலைவதாக நினைக்காதீர்கள். காலால் ருசி பார்க்கிறது. இலை சரி என்று தெரிந்ததும் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கொழுந்துக்குப் போகும். கடுகளவு, வெளிர்மஞ்சள். இந்தச் சில நொடிகளைப் பார்த்தவருக்குப் பூவின் மேல் உட்கார்ந்திருக்கும் பூச்சி இரண்டாம்பட்சம்தான்.

பிறகு கடிபட்ட இலையைத் தேடுங்கள். சிறு புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும். பறவைகள் ஏமாறுவதற்கான வேடம் அது. வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்புகளை நீட்டி வாடை வீசும். ஒருமுறை பார்த்தால் போதும், அடிக்கடி சீண்ட வேண்டாம்.

கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் சிலவற்றின் பின் இறக்கையில் சிவப்புத் திட்டுகள் இருக்கும். ஈசுவரமூலிக் கொடியைத் தின்று உடம்பில் நஞ்சேற்றிக்கொள்ளும் ரோஜா அழகியின் சாயல் அது. பறவைகள் அதைத் தொடுவதில்லை, அந்த வேடத்தில் இதுவும் தப்பிக்கிறது. எது அசல் என்று அறிய உடம்பைப் பாருங்கள். அசலுக்கு உடம்பும் சிவப்பு; வேடக்காரிக்குக் கறுப்பு.

செடியைப் பெருக்குவது எளிது. கறிவேப்பிலையின் வேரிலிருந்து கிளைக்கும் பக்கக் கன்றை வேரோடு வெட்டி நடலாம். விதையென்றால் பழம் பழுத்தவுடன் போட்டுவிட வேண்டும், காய்ந்தால் முளைப்பது கஷ்டம். இட்லிப்பூவுக்குப் பென்சில் பருமனுள்ள குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மழைக்காலத்தில் நிழலில் ஊன்றுங்கள். கிலுகிலுப்பை விதையை இரவு முழுக்க ஊறவைத்து விதைக்கலாம். அந்தச் செடி வாடினாலும் பிடுங்கிவிடாதீர்கள்: வாடிய தண்டின் சாற்றை உறிஞ்ச நீல வரியன் வண்ணத்துப்பூச்சியின் ஆண்கள் கூடும். பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்துதான் அவை செய்துகொள்கின்றன. வேலியோரம் எருக்கு இருந்தால் விட்டுவையுங்கள், வெந்தய வரியனின் புழுவுக்கு அதுதான் உணவு.

உன்னிச்செடியை மட்டும் வைக்கவே வேண்டாம். அதன் பூவில் எத்தனை பூச்சி மொய்த்தாலும், முதுமலைக் காட்டில் அது படர்ந்து நம் செடிகளை நெருக்கித் தள்ளியிருக்கிறது.

நர்சரியில் வாங்கும் செடிக்கு மருந்து அடித்திருக்கக்கூடும். புதுத் தளிர் விடும்வரை பொறுத்திருங்கள். வீட்டில் வேப்பெண்ணெய்க் கரைசலும் தெளிக்காதீர்கள், புழுவை அதுவும் கெடுக்கும். தாளிக்க ஈர்க்கு ஒடிக்கும்போது இலையின் அடியைத் திருப்பிப் பார்த்து, புழு இருந்தால் பக்கத்து ஈர்க்கைப் பறித்துக்கொள்ளுங்கள்.