அல்லிராணி கோட்டையும் முத்துச் சலாபமும்: ஓர் ஐதிகத்தின் சமூக அடிப்படை

அயர்லாந்தின் பழமரபில் 'தூஅதா டே டானன்' எனப்படும் தொல்குலத்தார், பின்வந்தோரிடம் தோல்வியுற்று மண்மேடுகளுக்குள் மறைந்து அணங்குகளாக வாழ்கின்றனர். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் வேளாண் மக்கள் எழுப்பிய நியூகிரேஞ்ச் ஈமமேடும் அவர்களது உறைவிடமாகவே கருதப்பட்டது. கட்டியோர் மறக்கப்பட்டதும் கட்டடம் அமானுடர்க்கு உரியதாயிற்று. இத்தகைய உரிமை மாற்றமொன்றை மன்னார்க் கரையிலும் காண்கிறோம்.

அரிப்புக் கடலோரத்தில், அலை அரித்தெடுக்கும் மேட்டின்மீது, சிதைந்த மாளிகையொன்று நிற்கின்றது. முத்துச் சலாபத்தை மேற்பார்வை செய்வதற்காக ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்கப் பாணியிற் கட்டுவித்தது இது. ஏடுகளில் இதன் பெயர் 'டோரிக்'. மக்கள் வழக்கில் இது அல்லிராணி கோட்டை. கட்டுவித்தவனது பெயர் மக்கள் நினைவிற் பதியவில்லை; கட்டடத்துக்கு ஓர் அரசி உரித்தாளியானாள்.

இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் ஆய்வாகாது. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை'யில், ஆண்களை அண்டவிடாது மதுரையை ஆண்ட அல்லியை அர்ச்சுனன் சூழ்ச்சியால் மணக்கிறான். மகாவம்சத்திலோ குவேனி இயக்கியாகச் சித்திரிக்கப்படுகிறாள். விசயனுக்கு நாட்டைப் பெற்றுக்கொடுத்த அவளை அவன் கைவிட்டுப் பாண்டியன் மகளை மணக்கிறான். ஆண்டுதோறும் இரண்டு இலட்சம் பெறுமதியான முத்தை மாமனுக்கு அனுப்புகிறான். குவேனி முதன்முதலாக நம் கண்முன் தோன்றும்போது மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது ஊன்றி நோக்கற்பாலது. இயக்கி என்று ஒதுக்கிய நூலாசிரியரே அவளை உழைக்கும் பெண்ணாகக் காட்டிவிடுகின்றார். அரிப்புக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையை அல்லியோடு இணைப்பாரும் உளர். குவேனியோடு இணைப்பாரும் உளர். ஆட்சியை இழந்த பெண் என்னும் ஒரே படிமம் இருவரிடத்தும் தொழிற்படுகின்றது.

அவ்வாறாயின் அல்லி ஐதிகம் குடியேற்ற ஆட்சிக்கெதிரான மக்கட் குரலா? அப்படி முடிவு கட்டுதல் எளிது. ஆனால் அது பாதி உண்மையே. அந்நியத் தேசாதிபதியின் இடத்தில் உள்ளூர் அரசியை அமர்த்தும் கற்பனை, முத்து எவருக்கு உரியது என்ற வினாவை எழுப்புகின்றது. எனினும் அதற்குத் தரும் விடை அரசி என்பதேயன்றி, குளித்தவன் என்பதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட சிப்பியில் மூன்றில் இரு பங்கை அரசு கொண்டது. ஒரு பங்கே குளித்தோருக்கு. இக்கணக்கு அல்லி கதையில் இல்லை.

உழைப்பின் சுவடு வேறோரிடத்தில் உள்ளது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல் கட்டி' இன்றிக் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தனர். அதனால் அரசும் அவனை ஏற்றுக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அப்பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்று எமர்சன் டெனன்ட் பதிவுசெய்துள்ளார். மதம் மாறிய பின்னரும் மந்திரம் மாறவில்லை. ஏனெனில் சுறாவும் மாறவில்லை, மூச்சடக்கி மூழ்கும் தொழிலும் மாறவில்லை. இயற்கையை உண்மையில் வெல்லவியலாத நிலையில் மனிதன் அதனைக் கற்பனையில் வெல்கிறான் என்ற மார்க்சின் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று இக்கரையின் சிதைவுகள் 'முதலில் வந்தவர் யார்' என்னும் வழக்கில் சாட்சிகளாக இழுக்கப்படுகின்றன. ஒரு சாரார்க்குக் குவேனி ஆவணம். மறுசாரார்க்கு அல்லி ஆவணம். ஐதிகம் காணி உறுதியன்று. அதிகாரம் எவ்வாறு கைமாறியது, அக்கைமாற்றத்தை மக்கள் எவ்வாறு நினைவிற்கொண்டனர் என்பவற்றையே அது உணர்த்தும். கோட்டையைக் கடல் சிறிது சிறிதாகக் கொள்கின்றது. அது முற்றாக வீழுமுன், அரசியின் பெயரோடு, அக்கடலில் மூச்சடக்கி மூழ்கியோரின் வரலாற்றையும் எழுதுதல் நமது ஆய்வாளர்தம் கடனாகும்.