அலிபிரிக்கு மேல் தேர்டு கியர்

திருமலைக்குக் காரில் ஏறுகிறவர்களுக்கு மலையடிவாரத்து அலிபிரி தாண்டியதும் ஒரு விதி உண்டு. சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றத்தை 28 நிமிடத்துக்கு முன்னால் முடிக்கக் கூடாது. இறங்கும்போது 40 நிமிடமாவது ஆக வேண்டும். முந்திப் போய் நின்றால் அபராதம். விபத்துகளுக்குப் பயந்து வைத்த விதிதான். ஆனால் கார் ஓட்டுவதை ரசிக்கிறவனுக்கு இதைவிட நியாயமான மைதானம் இந்தப் பக்கத்தில் இல்லை என்பேன். கணக்குப் போட்டால் ஏற்றத்தில் சராசரி 38 கிலோமீட்டர் வேகம். நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டிக்கும் முப்பது வருஷத்து மாருதி 800-க்கும் ஒரே நேரம். சீறிப் பாய்கிற வீரம் செல்லாக்காசாகிவிடுகிறது. எவ்வளவு பெட்ரோலில், எவ்வளவு அலுங்காமல் மேலே போனோம் என்பது மட்டும்தான் பேச்சு.

நான் சொல்வது 1990-களின் 800-ஐப் பற்றி. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நாலு கியர். 37 குதிரைத்திறன் சுமார். இன்றைக்குச் சில பைக்குகளே அதைவிடப் பலசாலிகள். 1983 டிசம்பரில் வந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. சித்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர் வீடுகளில் இன்னும் ஒன்றிரண்டு ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த வண்டியை எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “சார், மைலேஜ் வேணுமா, பிக்கப் வேணுமா?” இரண்டில் ஒன்றைத்தான் கேட்கலாம், இரண்டும் கேட்பது பேராசை என்கிற தொனி அதில் இருக்கும். கார்புரேட்டரைப் பொறுத்தவரை அது ஓரளவு நிஜம். ஓட்டுகிறவன் காலைப் பொறுத்தவரை பாதிப் பொய்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று 30-லேயே டாப் கியரைப் போட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டி திணறும், கடகடவென்று நாக்கிங் கேட்கும். உடனே ஆக்ஸிலரேட்டரை அடிவரை அமுக்குவார்கள். அங்கேதான் விஷயம் கெடுகிறது. த்ராட்டில் முழுக்கத் திறந்ததும் உள்ளே வாக்குவம் விழுந்துவிடும். பவர் ஜெட் திறந்து, கூடுதல் பெட்ரோல் கொட்டும். அப்படியும் வண்டி இழுக்காது. பிக்கப்பும் போச்சு, மைலேஜும் போச்சு. இதற்கு நேர் எதிராக, “பட்டும் படாமல் மிதி” என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதியும் முழுக்கச் சரியில்லை. த்ராட்டிலைப் பாதி மூடி வைத்துக்கொண்டு இன்ஜினை வேகமாகச் சுற்றவிட்டால், இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சுவதிலேயே அதன் உழைப்பு கொஞ்சம் வீணாகும். மூன்றில் இரண்டு பங்கு மிதி, 2,500 சுற்றை ஒட்டிய வேகம்: 800-க்கு இழுவையும் சிக்கனமும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் இதுதான். தேர்டு கியரில் 40-ல் போனால் ஏறக்குறைய அந்தச் சுற்றில்தான் இன்ஜின் இருக்கும். மலைப்பாதையின் 38-க்கும் இதற்கும் உள்ள பொருத்தத்தை நான் பெருமாள் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம்.

சித்தூரில் பழைய வண்டிகள் மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக் உண்டு. பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. டியூனிங் என்றால் அவர் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “பிளக் பொய் சொல்லாதண்ணா.” முனை கறுத்துக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு ஏறுகிறது. பிஸ்கட் நிறத்தில் காய்ந்திருந்தால் சரி. சமீப காலமாகப் பிளக் வெளுப்பாகவே வருகிறது என்கிறார். ஆச்சரியமில்லை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு; எரிவதற்குக் காற்றும் குறைவாகத்தான் வேண்டும். புது வண்டியில் சென்சார் பார்த்துச் சரிக்கட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தக் கண் கிடையாது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு (E0) வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்கு (E10) சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. அதற்கும் முந்திய வண்டிக்காரர்கள் மெயின் ஜெட்டையும் ரப்பர் ஹோஸையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சித்தூரிலிருந்து பூதலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி 70 கிலோமீட்டர். அகலமான ரோடு. அதில் ரசிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. டாப் கியர், 60, அவ்வளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நாலு மடங்காகும். 90-ல் விரட்டி ரேணிகுண்டா விமானத்தைப் பிடிக்கிற அவசரம் இல்லையென்றால் லாரிக்காரன் ஹாரனைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சங்கதி அலிபிரிக்கு மேலேதான். திருப்பதி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 150 மீட்டர், திருமலை சுமார் 850. 650 கிலோ வண்டி, நாலு பேர், பைகள் எல்லாம் சேர்த்து 950 கிலோவை 700 மீட்டர் தூக்க வேண்டும். பெட்ரோலில் உள்ள சக்தியில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்தால், தூக்குகூலி மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல். எந்தச் சூரனும் இதில் பேரம் பேச முடியாது. கூலிக்கு மேலே சிந்துகிறதைத்தான் பிடிக்க முடியும்.

பிடிக்கிற விதத்தைக் கொண்டை ஊசி வளைவில் பார்க்கலாம். சாமர்த்தியசாலி வளைவுக்குள் நுழைந்தபின் கியரைத் தேடமாட்டார். நேர்ப்பாதை முடிகிற இடத்திலேயே வேகம் 25-க்கு வந்து, செகண்ட் விழுந்துவிடும். வளைவு முழுக்க ஒரே சீரான மிதி. ஸ்டீயரிங் நேராகத் திரும்பும்போது கால் இறங்கும், உறுமல் ஏறும், அது கத்தலாக மாறுவதற்குள் தேர்டு. பின் சீட்டில் தூங்குகிற குழந்தைக்குத் தெரியாது. முன்னால் பஸ் முனகிக்கொண்டு போனால் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளமாட்டார். பஸ் நின்றாலும் தாம் நிற்க வேண்டாத அளவுக்கு இடம் விட்டு உருட்டுவார். ஏற்றத்தில் போடுகிற ஒவ்வொரு பிரேக்கும் கூலி கொடுத்துத் தூக்கியதைக் கீழே எறிவதுதான். ஏசி வண்டியானால் அலிபிரியிலேயே அணைத்துவிடுவார். அது தின்கிற மூன்று நாலு குதிரைகளை 37-ல் கழித்துப் பாருங்கள்.

இந்தக் கலையின் பெரிய வித்வான்கள் அம்பாசடர் டாக்சிக்காரர்கள். பழைய அம்பாசடரில் ஃபர்ஸ்ட் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஓடுகிற வண்டியில் அதைப் போட வேண்டுமானால் கிளட்சை அழுத்தி நியூட்ரல், விட்டு ஒரு உறுமல், மறுபடி அழுத்தி ஃபர்ஸ்ட். ஸ்டீயரிங் பக்கத்துத் தண்டில், ஒரு கையால், பேசிக்கொண்டே செய்வார்கள். கரகர சத்தம் கேட்டால் அவர்களுக்கு மானம் போன மாதிரி.

இறக்கம் வேறு ராகம், பாதையும் வேறு. 1944-ல், சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில் திறந்த முதல் பாதை அது. 36 கொண்டை ஊசிகள். இங்கேதான் சிக்கனப் பைத்தியம் சிலருக்குத் தலைக்கேறுகிறது. நியூட்ரலில் விடுவது, இன்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவது. மலை முழுக்க அணைத்தே இறங்கினாலும் மிச்சம் அரை லிட்டர்கூடத் தேறாது. பூஸ்டர் உள்ள வண்டியில் இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பிரேக்கை மட்டும் நம்பினால் லைனிங் சூடேறி, பிடிமானமே இல்லாமல் போகும். எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்‌ஷன்) வண்டியில் இந்தச் சிக்கனத்துக்கு அர்த்தமே இல்லை. கியரில் வைத்துக் காலை எடுத்தாலே பெட்ரோல் தானாக நின்றுவிடுகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது பழைய லாரி டிரைவர்கள் வாக்கு. செகண்டில் விட்டு, இன்ஜின் பிடித்துக்கொள்ள, பிரேக்கை வளைவுக்கு மட்டும் தொட்டு இறங்குகிறவர்தான் கெட்டிக்காரர். நியூட்ரலில் இறங்கி லிட்டருக்கு 25 கொடுத்தது என்று பெருமை பேசுகிறவர் காரில் குடும்பத்தோடு ஏறாதீர்கள்.