வக்கீலைத் தூங்கவிடாத சாமியார்

அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு துப்பறியும் படங்கள் பார்த்தேன். ஒன்று பிரெஞ்சு. காஸ்தோன் லெரூ எழுதி 1907ல் தொடராக வந்த 'மஞ்சள் அறையின் மர்மம்' நாவலை, 2003ல் புரூனோ பொடாலிடெஸ் அந்தக் காலத்துக் கோட்டும் தொப்பியும் மாறாமல் படமாக எடுத்திருக்கிறார். இன்னொன்று நம்ம ஊர்ச் சரக்கு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950ல் எடுத்த 'திகம்பர சாமியார்'. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் நாவல்தான் மூலம். இயக்கம் டி.ஆர். சுந்தரம்.

இரண்டுமே பழைய, பிரபலமான துப்பறியும் நாவல்கள். இரண்டிலும் வேஷம் உண்டு, சதி உண்டு, ஒரு பெண்ணின் கல்யாணத்தைச் சுற்றிய சிக்கல் உண்டு. ஆனால் பார்க்கும் அனுபவம் நேர்எதிர். அது ஏன் என்று யோசித்துக்கொண்டே பொன்னேரிக்கும் சென்ட்ரலுக்கும் ரயிலில் ஒரு வாரம் போய் வந்தேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு. (பின்னால் லெரூவின் குற்றவாளி யார் என்று சொல்லப்போகிறேன். படிக்கும் உத்தேசம் இருப்பவர்கள் நாவலை முடித்துவிட்டு வரவும்.)

முதலில் சாமியார். 'திகம்பரம்' என்றால் திசைகளையே ஆடையாக உடுத்தியவர், அதாவது நிர்வாணி. 1950ல் தணிக்கைக்காரர்கள் இருக்கும் நாட்டில் அதற்கு வழியில்லை. எனவே எம்.என். நம்பியார் ஒழுங்காக உடுத்திக்கொண்டுதான் வருகிறார். ஒன்றல்ல, 11 வேடங்கள். முதலில் காளி என். ரத்தினத்தை வைத்துக் கொஞ்சம் எடுத்துவிட்டு, திருப்தியில்லாமல் சுந்தரம் நம்பியாருக்கு மாறினார் என்று சினிமா வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். நல்ல முடிவு. அதே 1950ல் அதே கம்பெனியின் 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவாக வந்து வில்லத்தனம் செய்தவர் இதில் கதாநாயகன். "நம்பியார் நல்லவரா? அது எந்தப் படம்?" என்று எங்கள் அம்மா நம்பவே இல்லை.

நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். குரலை மாற்றுவது, முதுகைக் கூனாக்குவது, நடையை மாற்றுவது எல்லாம் அங்கே சின்ன வயதிலிருந்து பழகிய பாடம். வேஷம் போட்டவர் யார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அதை மறைப்பது படத்தின் நோக்கமே இல்லை. எதிரில் நிற்பவன் எப்படி ஏமாறுகிறான் என்பதைப் பார்ப்பதில்தான் சுவாரசியம்.

வில்லன் சட்டநாதம் பிள்ளை, கும்பகோணத்து வக்கீல். பெயரிலேயே சட்டம் இருக்கிறது! செய்வதெல்லாம் சட்டத்தை வளைக்கும் வேலை. நாவலுக்குக் 'கும்பகோணம் வக்கீல்' என்றும் ஒரு பெயர் உண்டு. வி.கே. ராமசாமி செய்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது 24 என்றால் நம்புவது கஷ்டம். பிறந்ததிலிருந்தே கிழவர் வேஷம் போட்டவர் மாதிரி ஒரு தோரணை. (பிரெஞ்சுப் படத்தில் கணக்கு தலைகீழ். நாவலில் 18 வயதுப் பையனான நிருபர் ரூல்தபியாக நடித்த தெனி பொடாலிடெஸுக்கு 40 வயது.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வக்கீலிடமிருந்து உண்மையை எப்படி வரவழைக்கிறார்கள்? துப்பு சேர்த்து அல்ல. தூங்கவிடாமல். பிடித்துவந்து, கண் அசந்தால் எழுப்பி, மறுபடி அசந்தால் மறுபடி எழுப்பி, பல நாள் இப்படியே வைத்திருந்து, ஆள் தளர்ந்த பிறகு எல்லாவற்றையும் கக்க வைக்கிறார்கள். வி.கே.ஆர். இதை அருமையாகச் செய்கிறார். இமை சரிவதும், திடுக்கிடுவதும், பேச்சு குழறுவதும். சிரிப்பு வருகிறது. நானும் சிரித்தேன்.

ரயிலில்தான் உறைத்தது. இது பெயர் சூட்டப்பட்ட, அரசாங்க அறிக்கையிலேயே பதிவான ஒரு சித்திரவதை முறை. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க அமைத்த கமிஷன் 1855ல் ஓர் அறிக்கை கொடுத்தது. வரி வசூலுக்காகவும், போலீஸ் விசாரணையில் ஒப்புதல் வாங்கவும் என்னென்ன செய்தார்கள் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. விரலை நசுக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள், கண்ணில் மிளகாய். அந்தப் பட்டியலில் தூங்கவிடாமல் செய்வதும் உண்டு. அந்தக் காலத்தில் ரெவின்யூவும் போலீசும் ஒரே கையில், தாசில்தார் கையில், இருந்தன. வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுத்துக்கு வருவதற்கு முன் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? தாசில்தார். அவர் காலத்தில் அந்த அதிகாரம் பிரிக்கப்பட்டுவிட்டது, அது வேறு விஷயம். ஆனால் கச்சேரியில் உட்கார்ந்தவருக்கு இந்தச் சமாசாரமெல்லாம் காதில் விழாமலா இருந்திருக்கும்!

1861 குற்றவியல் நடைமுறைச் சட்டமும், பிறகு 1872 சாட்சியச் சட்டமும் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதலைக் கோர்ட்டில் நிரூபிக்கக் கூடாது என்று விதித்தன. சாட்சியச் சட்டத்தின் 25, 26 பிரிவுகள். போலீஸ் நம்பத்தகாதது என்று அரசாங்கமே எழுதிவைத்த அபூர்வமான சட்டம் அது. இன்றைக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவாக இருக்கிறது. கோர்ட்டில் காலம் கழித்த சட்டநாதம் பிள்ளைக்கு இது அத்துப்படி. "நான் சொன்னது எதுவும் செல்லாது" என்று மறுநாள் கோர்ட்டில் ஒரே வரியில் முடித்திருக்கலாம். படத்தில் வருகிற ஒரே சட்டம் படித்த ஆளுக்கு அந்த வரியைக் கொடுக்கவில்லை.

சரி, இந்தச் சாமியார் எங்கிருந்து வந்தார்? வடுவூரார் ஆங்கிலத்தில் ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸ் எழுதிய நாவல்களிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டவர். ரெய்னால்ட்ஸின் 'லண்டன் மர்மங்கள்' 1844ல் ஆரம்பித்தது. அதற்கு முன்மாதிரி 1842-43ல் பாரிஸில் யூஜீன் சூ எழுதிய 'பாரிஸ் மர்மங்கள்'. அதில் ரொடோல்ஃப் என்ற இளவரசன் கூலித் தொழிலாளி வேஷத்தில் சேரிகளில் சுற்றுகிறான், ஏழைகளைக் காப்பாற்றுகிறான், கெட்டவர்களைத் தானே தண்டிக்கிறான். ஒரு கொலைகாரனைப் போலீசில் ஒப்படைக்காமல் கண்களைக் குருடாக்கிவிடுகிறான். கதை அதை நியாயம் என்றே நடத்துகிறது. வேஷம், நல்லெண்ணம், சொந்தத் தண்டனை. பாரிஸில் கிளம்பி லண்டன் வழியாகக் கும்பகோணம் வந்த சாமான் இதுதான். ஆக நம் சாமியாரும் ஒரு வகையில் பிரெஞ்சுக்காரர்தான்.

லெரூ அதே பாரிஸில் அறுபது வருஷம் கழித்து எழுதுகிறார், ஆனால் வேறு தினுசு. உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறை. உள்ளே ஒரு பெண் அடிபட்டுக் கிடக்கிறாள். தாக்கியவன் வெளியேற வழியே இல்லை. புகழ்பெற்ற போலீஸ் துப்பறிவாளர் லார்சான் ஒரு பக்கம், நிருபர்ப் பையன் ரூல்தபி மறுபக்கம். லார்சான் கைத்தடி, கால்தடம் என்று சேர்த்து, அந்தப் பெண்ணை மணக்க இருந்த தார்ஸாக்கைக் கூண்டில் ஏற்றிவிடுகிறார். பையன் வேறு மாதிரி. கண்ணுக்குத் தெரிவது எல்லாம் புத்தி போட்ட வட்டத்துக்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் அதைச் சாட்சியாக எடுக்கமாட்டேன் என்பவன். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், லாக் ஃபைலை வரி வரியாகப் படித்து, நடந்திருக்க முடியாதவற்றை அடித்துக்கொண்டே போகிற ஆள்.

முடிவில் குற்றவாளி யார்? அந்தப் புகழ்பெற்ற போலீஸ்காரரேதான். வேஷத்தில் கைதேர்ந்தவன், பல பெயர்களில் உலவியவன். பியேர் ஆர்டிதி அந்தப் பாத்திரத்தை அவ்வளவு நாசூக்காகச் செய்திருக்கிறார், முடிவு தெரிந்த பிறகும் அவரைப் பிடித்துப்போகிறது. நம் கதையில் வேஷம் போட்டவர் நீதிமான். லெரூவிடம் வேஷம் போட்ட அதிகாரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

பிரெஞ்சுப் படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. பேச்சு அதிகம். கடைசி விளக்கம் இழுக்கிறது. வேகம் என்று பார்த்தால் சுந்தரம் ரொம்பத் தேவலை. அவர் லீட்ஸில் நெசவுத் தொழில் படித்தவர், படத்தையும் மில் மாதிரி நேரம் தவறாமல் ஓட்டியவர்.

ஆனால் வித்தியாசம் வேகத்தில் இல்லை, கதை கட்டியிருக்கும் விதத்தில் இருக்கிறது. யார் செய்தது என்று தெரியாத கதையில் யாரையும் அடித்து ரசிக்க முடியாது. தார்ஸாக்கைத் தூங்கவிடாமல் செய்தால் அவனும் ஒப்புக்கொண்டிருப்பான். கதை அங்கேயே தவறான ஆளோடு முடிந்திருக்கும். மர்மக்கதையின் புதிர், பார்க்கிற நம் கையையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. 'திகம்பர சாமியார்' முதல் காட்சிகளிலேயே வக்கீல் அயோக்கியன் என்று நமக்குச் சொல்லிவிடுகிறது. அதனால் அவனிடம் வாங்கும் ஒப்புதல் நமக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்வது. வலி வெறும் சம்பிரதாயம் ஆகிவிடுகிறது, சிரிக்கலாம். பின்னால் வந்த எத்தனையோ போலீஸ் படங்களில் லாக்கப்பில் லத்தி சுழலும்போது தியேட்டரில் விசில் பறக்கக் காரணமும் இதே ஏற்பாடுதான். குற்றம் நடந்ததை இயக்குநர் ஏற்கெனவே நமக்குக் காட்டியிருப்பார். நிஜ ஸ்டேஷனில் அப்படி யாரும் காட்டுவதில்லை. 2015ல் வெற்றிமாறன் 'விசாரணை'யில் இதைப் புரட்டிப்போட்டார். உள்ளே இருப்பவர்கள் நிரபராதிகள் என்று நமக்கு முதலிலேயே தெரியும். அதே அடி, விசில் வரவில்லை. லாக்கப்பில் அடி வாங்கிய ஒரு ஆட்டோ ஓட்டுநர் எழுதிய 'லாக்கப்' அந்தப் படத்தின் மூலம்.

தமிழில் வேறு பாதை இல்லாமலும் இல்லை. அதே 1950ல் விக்தோர் ஹ்யூகோவின் கதை 'ஏழை படும் பாடு' என்று படமானது. அதில் ஜாவர் என்ற போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நாலு வருஷம் கழித்து எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' படத்தில் அதே ஜாவர் சீதாராமன் சி.ஐ.டி. ஆக வருகிறார். யார் மேலும் கை வைப்பதில்லை. ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசவிடுகிறார், கேட்கிறார், கையெழுத்தை ஒப்பிடுகிறார். யார் செய்தது என்று கடைசிவரை நமக்கும் தெரியாது. பாட்டும் இல்லை. வசூலும் பெரிதாக இல்லை. பாதை அங்கே இருந்தது, கூட்டம் சாமியார் பின்னால் போயிற்று.

இதற்காகத் 'திகம்பர சாமியார்' பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. நம்பியாருக்காகவும் வி.கே.ஆருக்காகவும் கட்டாயம் பார்க்கலாம், நான் இன்னொரு தடவை பார்ப்பேன். ஆனால் ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். கதை தெரியாத ஒருவருக்கு, முதல் பாதியைக் காட்டாமல், நேராக அந்தத் தூங்கவிடாத காட்சியை மட்டும் போட்டுக் காட்டுங்கள். நான் ஆறாவது படிக்கும் என் பையனுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தத் தாத்தா என்னப்பா பண்ணாரு? ஏன் அவரத் தூங்க விடமாட்டேங்கறாங்க?" என்றான்.