தூக்கத்தில் நடந்தவர்களா?

1914 ஜூலை பற்றி எழுதப்பட்ட புத்தகங்களை அடுக்கினால் ஒரு சிறிய நூலகமே தேறும். அதில் கிறிஸ்டோபர் கிளார்க்கின் ‘தி ஸ்லீப்வாக்கர்ஸ்’ (2012) நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்கிற புத்தகம். திரும்பத் திரும்பச் சண்டை போடுகிற புத்தகமும் அதுதான். சண்டை அதன் தலைப்போடு.

கிளார்க் ‘ஏன்’ என்று கேட்பதைத் தள்ளிவைத்துவிட்டு ‘எப்படி’ என்று கேட்கிறார். ஏன் என்று கேட்டால் ஏகாதிபத்தியம், தேசியவாதம், ஆயுதப் போட்டி என்று பெரிய காரணங்கள் வரிசைகட்டி வந்து நின்றுவிடும். மனிதர்கள் காணாமல் போவார்கள். எப்படி என்று கேட்டால் யார், எந்த அறையில், யாரிடம் என்ன சொன்னார் என்று பார்த்தே ஆகவேண்டும். பார்பரா டக்மனின் ‘தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்’ (1962) ஏழாம் எட்வர்டின் இறுதி ஊர்வலத்தில் பிரமாதமாகத் தொடங்கி, சீக்கிரமே போர்த் திட்டங்களுக்குள் போய்விடும். பால்கன் பக்கம் அது அதிகம் திரும்புவதில்லை. கிளார்க் 1903இல் பெல்கிரேடு அரண்மனையில் ராஜாவும் ராணியும் கொல்லப்பட்ட இரவிலிருந்து ஆரம்பிக்கிறார். செர்பியாவை அடிக்குறிப்பாக விடாததுதான் அவருடைய பலம்.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது பகை அல்ல, நட்பு. ஜூன் 28இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவி சோஃபியும் சுடப்பட்டார்கள். செர்பியாவை அடிக்க வியன்னாவுக்கு ஆசை. ஆனால் செர்பியாவுக்குப் பின்னால் ரஷ்யா நிற்கிறது. தனியாக இறங்கப் பயம். ஹங்கேரியப் பிரதமர் டிஸா வேறு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலை 5, 6 தேதிகளில் பெர்லின், “என்ன செய்தாலும் உன் பின்னால் இருக்கிறோம்” என்கிற மாதிரி வாக்குக் கொடுத்தது. தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காசோலை. இந்தப் பக்கம் ரஷ்யாவின் ஆதரவு செர்பியாவுக்குத் தெம்பு. பிரான்ஸின் ஆதரவு ரஷ்யாவுக்குத் தெம்பு. நண்பன் தோளில் கை போட்டு, “வேணாம், விடு” என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒவ்வொரு நண்பனும் “நான் இருக்கேன், போ” என்றான்.

உறவுக்கும் குறைச்சல் இல்லை. நம் முறைப்படி பார்த்தால், இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் ஜெர்மன் கைசர் வில்ஹெல்முக்கு மாமன் மகன். ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸுக்குப் பெரியம்மா மகன். கைசரும் ஜாரும் “வில்லி”, “நிக்கி” என்று கையெழுத்திட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். அந்தத் தந்திகள் போய்க்கொண்டிருக்கும்போதே படைகளும் திரண்டுகொண்டிருந்தன.

சரி, இவர்கள் தூக்கத்தில் நடந்தவர்களா? புத்தகத்தில் வருகிற தகவல்களே அந்தத் தலைப்புக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. பிரெஞ்சு ஜனாதிபதி புவான்கரே ரஷ்யாவுக்கு வந்திருந்தார். அவர் கப்பலேறிப் போகட்டும் என்று காத்திருந்துதான் ஜூலை 23 மாலை ஆஸ்திரியா தன் இறுதி எச்சரிக்கையைக் கொடுத்தது. கெடு 48 மணி நேரம். 25ஆம் தேதி செர்பியப் பிரதமர் பாஷிச் பதிலை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணக்கம். செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கெடுப்பதற்கு மட்டும் தெளிவான மறுப்பு. ஆஸ்திரியத் தூதர் கீஸ்ல் ஆறரை மணி ரயிலில் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். பதில் வருவதற்கு முன்பே மூட்டை கட்டி வைத்திருந்தவரைத் தூக்கத்தில் இருந்தவர் என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 28 காலையில் அந்தப் பதிலைப் படித்த கைசரே, இனிப் போருக்குக் காரணமில்லை என்று எழுதிவைத்தார். அதே நாளில் ஆஸ்திரியா தந்தி மூலம் போரை அறிவித்தது.

தூக்கத்தில் நடப்பவனுக்குக் குற்றம் கிடையாது. அவன் தடுக்கி விழுந்தால் நாம் பரிதாபப்படுவோம். கிளார்க்கின் உவமை செய்கிற வேலை அதுதான். 1961இல் ஃபிரிட்ஸ் ஃபிஷர் முழுப் பழியையும் ஜெர்மனி மேல் இறக்கினார் என்றால், கிளார்க் அதை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். பந்தியில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தால் யாருக்கும் வயிறு நிறையாது. பழியும் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

ஒப்பந்தங்கள்தான் எல்லோரையும் இழுத்துப்போயின என்கிற பாடப்புத்தக விளக்கமும் நிற்காது. 1882 முதல் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கூட்டாளியாக இருந்த இத்தாலி, “இது தற்காப்புப் போர் இல்லை, எங்களைக் கேட்கவும் இல்லை” என்று ஒதுங்கிக்கொண்டது. 1915 மே மாதம் எதிரணியிலேயே சேர்ந்தது. அதன் கணக்கு அதற்கு. அதைத் தியாகி ஆக்க வேண்டியதில்லை. ஆனால் ஒப்பந்தம் தானாக ஓடுகிற இயந்திரம் இல்லை, மனிதர்கள் விரும்பியபடி படிக்கிற காகிதம் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

இன்றைக்கும் எங்காவது பதற்றம் என்றால் தலையங்கங்களில் “தூக்கத்தில் நடந்து போருக்குள் போகிறோம்” என்று எழுதுகிறார்கள். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரஷ்யத் தலைமைத் தளபதி யனுஷ்கேவிச் ஞாபகம் வருவார். 29ஆம் தேதி முழுப் படைதிரட்டலுக்கு ஒப்புக்கொண்ட ஜார், அன்றிரவே அதை ரத்து செய்துவிட்டார். மறுநாள் திரும்ப அனுமதி வாங்கப் போகிறார் வெளியுறவு அமைச்சர் சசோனோவ். அவரிடம் தளபதி சொன்னதன் சாரம்: உத்தரவு கிடைத்ததும் என் தொலைபேசியை உடைத்துவிடுகிறேன், இன்னொரு முறை ரத்து செய்ய யாரும் என்னைப் பிடிக்க முடியாது. அனுமதி கிடைத்தது.

யாராவது கூப்பிட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறவன் நன்றாகவே விழித்திருக்கிறான். கிளார்க்கைக் கட்டாயம் படியுங்கள். அட்டையை மட்டும் நம்பாதீர்கள்.