மரப்பேனாவின் தளர்ந்த மூடி

மரத்தை மரமே கவ்வும் மைப்பேனாவின் மூடி தளர்ந்தால், தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டுவது மரத்துக்குச் செய்யும் அநியாயம். காயும் மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்கில்தான் சுருங்கும், அதுவும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் மற்றதைவிட ஏறக்குறைய 2 மடங்கு. வட்டமாகக் கடைந்த கழுத்தும் மூடியின் வாயும் இப்படித்தான் மயிரிழை அளவு நீள்வட்டமாகின்றன. மூடியைக் கால் சுற்றுத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்: ஒரு வாக்கில் இறுகி இன்னொன்றில் ஆடினால், காரணம் பெரும்பாலும் பருவம். கழுத்தில் மெல்லியதாகத் தேன்மெழுகு தேய்த்தாலே போதும்.

மெழுகு உருகாதா என்பார்கள். அதற்கு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். சட்டைப்பையில் அவ்வளவு ஏறாது. பசை பூசித் தடிப்பாக்கினால் நிலைக்குமே என்ற வாதம் வலுவானது. ஆனால் மழைக்காலத்தில் மரம் உப்பும்போது இறுகிய பசை விட்டுக்கொடுக்காது. மூடியின் விளிம்பு பிளக்கவும் கூடும். மெழுகோ அழுத்தத்தில் நகர்ந்து இடம் விடும், வேண்டாதபோது துணியால் துடைத்தெடுக்கவும் வரும்.