நான்கு மூலையும் ஒரே பார்வையில்

மூக்குக்கண்ணாடியோடு பழைய எஸ்எல்ஆர் கேமராவைக் கண்ணில் வைப்பவருக்குக் காட்சியின் நடுப்பகுதி பளிச்சென்று தெரியும். ஓரங்கள் இருட்டில் போய்விடும். ஒரு மூலையைப் பார்க்கத் தலையைச் சாய்த்தால் எதிர் மூலை மறையும். ஐபீஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழி இருந்தால் காட்சி முழுதாகத் தெரியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெறுங்கண்ணை அதற்குள் கொண்டுபோய்விடலாம். மூக்குக்கண்ணாடியோ விழிக்கு முன்னால் 12 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் பிடித்துக்கொள்கிறது. வில்லையின் தடிமன் வேறு.

நிக்கான் எஃப்3 1980-ல் வந்தது. அதன் உடலை வடிவமைத்தவர் கார்களுக்குப் பேர்போன இத்தாலியர் ஜ்யார்ஜெட்டோ ஜுஜாரோ. கைப்பிடி ஓரத்தில் அவர் இழுத்த சிவப்புக் கோட்டைப் புகழாதவர் இல்லை. ஆனால் அந்தக் கேமராவின் ஆகச் சிறந்த அழகு, 1982-ல் வந்த எஃப்3எச்பி-யின் ஐபீஸில்தான் இருக்கிறது. கண்ணை 25 மில்லிமீட்டர் தள்ளி வைத்தாலும் பிலிமில் விழப்போகும் காட்சி நூறு சதவீதமும் தெரியும். மேல் விளிம்பில் ஷட்டர் வேகம் காட்டும் சின்ன எல்சிடி எண்களையும் தலையை அசைக்காமலே படிக்கலாம்.

இதற்கு விலை உண்டு. உருப்பெருக்கம் 0.8-லிருந்து 0.75 ஆகக் குறைந்தது. பிரிசம் இருக்கும் தலைப்பகுதி பருத்தது. காட்சி கொஞ்சம் சிறுத்தாலும் பரவாயில்லை, முழுதாகத் தெரியட்டும் என்று முடிவெடுத்த பொறியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். சட்டகத்தின் ஓரத்தில் நுழையும் ஒரு கையோ மரக்கிளையோ படத்தையே மாற்றிவிடும். ஓரம் தெரியாமல் எடுப்பது பாதிப் படம். 1988-ல் வந்த எஃப்4-க்கு இந்த வகை வியூஃபைண்டரே வழக்கமானதாகிவிட்டது.

லைக்காவில் கணக்கு இன்னும் கடினம். 1954-ன் எம்3-யில் உருப்பெருக்கம் 0.91. உலகம் கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே தெரியும், 50 மி.மீ. லென்ஸுக்கு அற்புதம். படத்தின் எல்லையை வியூஃபைண்டருக்குள் கோடுகள்தாம் காட்டும்; அகல லென்ஸ்களின் கோடுகள் ஓரத்தில் விழுந்து மூக்குக்கண்ணாடிக்காரரைத் திண்டாடவிடும். பின்னால் வந்த மாடல்களின் 0.72 வியூஃபைண்டரிலும் 28 மி.மீ. கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2000-ல் எம்6 டிடிஎல்-ஐ 0.58 உருப்பெருக்கத்தில் தந்தபோது அந்தக் கோடும் அடங்கியது. பதிலுக்கு, ஃபோகஸுக்குத் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் கொஞ்சம் குறைந்தது.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சில கேமராக்களில் ஐபீஸ் பக்கத்திலுள்ள, பவரைச் சரிசெய்யும் டயாப்டர் சக்கரத்தைத் திருப்பினால் போதாதா? சிறிய அளவு கிட்டப்பார்வை மட்டும் என்றால் போதும். சிலிண்டர் பவர் உள்ளவருக்கு அது உதவாது. கேமராவை இறக்கியதும் தெரு மங்கலாகும் தொல்லையும் உண்டு. வெள்ளெழுத்து வந்தவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெரும்பாலான எஸ்எல்ஆர்களில் காட்சி சுமார் ஒரு மீட்டர் தள்ளி இருப்பதுபோலக் கண்ணுக்குப் படும். அதனால் பைஃபோக்கலின் கீழ்ப்பகுதி, படிக்கும் பவர், இங்கே பயன்படாது.

பழைய கேமரா வாங்கும்போது ஐபீஸைச் சுற்றி ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. வெறும் உலோக விளிம்பு, பிளாஸ்டிக் வில்லையில் சீக்கிரமே கீறல் போட்டுவிடும்.