கூட்டுறவுப் பட்டம் யாருக்கு உழைக்கிறது?

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற சீசன் கூட்டம் நிற்காமல் கடந்து போகும் ஊர் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் என்று அதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்த ஊர் வேறு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது. முதலாளி என்று ஒருவர் இல்லாமல் நடக்கிற அமைப்புகளில் எத்தனை வகை உண்டோ, ஏறக்குறைய அத்தனையும் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன. பயிர்க்கடனும் நகைக்கடனும் தருகிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதன் பொறுப்பில் ரேஷன் கடை, பால் உற்பத்தியாளர் சங்கம், பீடி சுற்றும் பெண்களின் சுய உதவிக் குழு, சங்கரன்கோவில், புளியங்குடிப் பக்கம் போனால் கைத்தறி நெசவாளர் சங்கம், ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம்.

பி.காம். முடித்த ஒரு மேலகரத்துப் பெண் இந்த அமைப்புகளில் ஏதாவது ஒன்றை நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மேற்படிப்பு தேடுவதாக வைத்துக்கொள்வோம். கூட்டுறவு படிக்க வேண்டுமா, சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தில் கூட்டுறவுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. தொண்டு நிறுவனமா, எம்.எஸ்.டபிள்யூ. படிக்கச் சொல்வார்கள்; சென்னையில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் அதற்குப் பேர்போனது. சமூகத் தொழில்முனைவு என்றால் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்றால் வேளாண் வணிக மேலாண்மை. நான்கு படிப்பு, நான்கு துறை. ஒரு துறை ஆசிரியர் இன்னொரு துறைப் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது அபூர்வம். கனடாவில் ஹாலிஃபாக்ஸ் நகரின் செயின்ட் மேரீஸ் பல்கலைக்கழகமும் இத்தாலியில் போலோன்யா பல்கலைக்கழகமும் கூட்டுறவுக்கென்று முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன. ‘சமூக, கூட்டொருமைப் பொருளாதாரம்’ என்று எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் பார்க்கும்படி ஐ.நா. பொதுச்சபையே 2023-இல் தீர்மானம் போட்டுவிட்டது. அந்தக் குடை இன்னும் நம் பல்கலைக்கழக வாசல்வரை வரவில்லை.

இத்தனைக்கும் இந்தத் துறையில் நாம் புதியவர்கள் அல்ல. சென்னை மாகாணத்துக்கு விவசாயக் கடன் வங்கி எப்படி அமையலாம் என்று பிரெடரிக் நிக்கல்சன் 1890-களில் எழுதிய அறிக்கைதான் 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. திரூரில் கடன் சங்கமும் திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் அதே 1904-இல் பிறந்தவை. பயிற்சிக்காக மாகாணக் கூட்டுறவு ஒன்றியம் 1914-இல் வந்தது. இன்றைய தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியம் அதன் வாரிசு. சங்கங்கள் லாபத்தில் ஒரு பங்கைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குக் கட்ட வேண்டும் என்று நம் சட்டமே சொல்கிறது. இங்கிலாந்தில் 1844-இல் கடை திறந்த ராச்டேல் நெசவாளர்கள் உபரியில் இரண்டரை சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கிய மரபின் தொடர்ச்சி அது. ஆனால் ராச்டேல்காரர்கள் அந்தப் பணத்தில் நடத்தியது உறுப்பினர்களுக்கான வாசகசாலை. நாம் நடத்துவது பெரும்பாலும் ஊழியர்களுக்கான பயிற்சி நிலையம். நம் கூட்டுறவுக் கல்வியின் பலம், பலவீனம் இரண்டுக்கும் வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். கூட்டுறவு படித்தவருக்குக் கணக்கு தெரியும். பேரேடு, தணிக்கை, வங்கியியல், கூட்டுறவுச் சட்டம் ஆகியவற்றை உட்கார வைத்துச் சொல்லித்தரும் படிப்பு இது. நல்ல மனசு இருந்தால் போதும், அமைப்பு தானே நடக்கும் என்று நம்பித் தொடங்கி, மூன்றாம் ஆண்டுத் தணிக்கையில் கவிழ்ந்த அறக்கட்டளைகள் நம் ஊர்களில் ஏராளம். இதற்கு மாறான உதாரணம் ஆய்க்குடியிலேயே இருக்கிறது. 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார்; 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவரோடு தோள்கொடுத்து அதை நடத்தி வருபவர் எஸ். சங்கரராமன். அவரும் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழ்பவர். படிப்பால் பட்டயக் கணக்காளர். கனவு கண்டவருக்குப் பக்கத்தில் கணக்குத் தெரிந்தவர் உட்கார்ந்ததும் அந்த அமைப்பு இவ்வளவு காலம் நிலைத்ததற்கு ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

காந்திகிராமத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்து வேலை செய்யவைக்கும் வழக்கத்தை அது கைவிடவில்லை. 1979-இல் அமுல் புகழ் வர்கீஸ் குரியன் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய இர்மா என்ற ஊரக மேலாண்மை நிறுவனமும் இதைக் கட்டாயமாக்கியது. வகுப்பறையில் இரண்டு ஆண்டு கேட்டாலும் புரியாத விஷயம், கிராமத்தில் இரண்டு வாரம் தங்கினால் புரிந்துவிடும்.

குறைகளுக்கு வருகிறேன். இவை கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியவை.

பால் சங்கத்தில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். பால்காரம்மா கேனை இறக்குகிறார். சங்க ஊழியர் பால் மாதிரி எடுத்து டிகிரி பார்க்கிறார், கொழுப்பு பார்க்கிறார், நோட்டில் எண்ணைக் குறிக்கிறார். அந்த எண்ணை வைத்துத்தான் லிட்டருக்கு என்ன விலை என்பது முடிவாகும். அம்மா எண்ணைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் கேள்வி கேட்பதில்லை. பட்டுவாடா நாளில் கைக்கு வருவதை வாங்கிக்கொண்டு போகிறார். சட்டப்படி அந்தச் சங்கத்தின் உரிமையாளர் அவர்தான். நடைமுறையில் அவர் பால் ஊற்றுகிறவர், அவ்வளவே. கொழுப்பை எப்படி அளப்பது, விலைப் பட்டியல் எப்படிப் போடுவது என்பதெல்லாம் முதுநிலைப் பாடத்தில் உண்டு. அந்த அம்மாவை நோட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கவைப்பது எப்படி என்பதற்குப் பாடம் இல்லை.

கடன் சங்கத்திலும் இதே கதைதான். பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு அறிவிப்பு போகிறது. பத்துப் பேர் வருகிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் நிறைய இருக்கிறது. செயலாளருக்கு மேலதிகாரி உறுப்பினர்களா, கூட்டுறவுத் துறை அதிகாரியா என்று கேட்டால் எந்தச் செயலாளரும் யோசிக்காமல் பதில் சொல்வார். 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் பதிவாளருக்குத் தந்திருக்கும் அதிகாரம் அப்படி. 2018 தேர்தலில் வந்த நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டு 2023-இல் முடிந்ததும் சங்கங்கள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. வகுப்பில் ‘உறுப்பினர்களின் ஜனநாயகக் கட்டுப்பாடு’ என்று இரண்டாவது கோட்பாட்டை மனப்பாடம் செய்த மாணவர், களப்பணிக்குப் போனால் பார்ப்பது தனி அலுவலரின் கையெழுத்தை. இந்த முரணை விவாதிக்காத படிப்பை எப்படி முதுநிலை என்பது?

2021-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காகக் கணக்குகளை அலசியபோது ஒரே ஆள் பல சங்கங்களில் கடன் வாங்கியதும் போலி நகை அடகு வைத்ததும் வெளியே வந்தன. தள்ளுபடி விவசாயியின் மூச்சைக் காப்பாற்றியது என்பதை மறுக்க மாட்டேன். ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர் அடுத்த முறை ஏன் கட்ட வேண்டும், உரசிப் பார்த்த நகை மதிப்பீட்டாளரைக் கேட்க வேண்டியவர் யார், உறுப்பினர்கள் கண்ணில் இது ஏன் படவில்லை என்ற கேள்விகளுக்கு இதைவிட நல்ல வகுப்பறைப் பொருள் கிடைக்காது. மாணவர்கள் கையில் இருப்பதோ டென்மார்க் பால் சங்கத்தையும் ஜெர்மனியின் ரைஃபைசன் கடன் சங்கத்தையும் பற்றிய குறிப்புகள். அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். துணைவிதியும் தீர்மானமும் தமிழில் எழுதப்படுகிற சங்கத்துக்கு ஆங்கிலக் குறிப்போடு போய் நிற்கிறார் பட்டதாரி.

தொண்டு நிறுவனப் பக்கம் நிலைமை வேறு விதம். அங்கே கூட்டுறவுத் துறைக்குப் பதில் நன்கொடையாளர். திட்ட முன்மொழிவு எழுதுவது, அறிக்கை அனுப்புவது என்று எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரியின் காலம் போகிறது. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. படித்தவருக்குச் சம்பளம் கொடுப்பதையே சந்தேகத்தோடு பார்க்கிற விதி இது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. அமைப்பைக் கட்டத் தெரிந்தவர் அங்கே மூன்று ஆண்டு தங்குவதே பெரிய காரியம்.

படிப்புத் துறைகள் தனித்தனியாக இருப்பதால் வரும் நஷ்டத்துக்கு ஓர் உதாரணம். புளியங்குடி எலுமிச்சை விவசாயிகள் சேர்ந்து விற்க நினைத்தால் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவதா, உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவதா? 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் வந்த திருத்தப்படி பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் நிறுவனம் தொடங்கலாம். அங்கும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். கூட்டுறவுப் பதிவாளரின் கை இல்லை. ஆனால் ஆண்டுதோறும் கம்பெனிப் பதிவாளருக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம், தவறினால் அபராதம். தோட்டக்காரருக்கு இது சுமை. கூட்டுறவு படித்தவருக்குக் கம்பெனிச் சட்டம் தெரியாது. வேளாண் வணிகம் படித்தவருக்குக் கூட்டுறவுச் சட்டம் தெரியாது. மானியம் எந்தப் பெயருக்கு வருகிறதோ அந்தப் பெயரில் பதிந்துவிடுகிறார்கள்.

வேலைவாய்ப்பு விஷயத்தில் மாணவர்களிடம் ஒளிவுமறைவு கூடாது. கூட்டுறவு வங்கி உதவியாளர் பணிக்கு ஏதாவது ஒரு பட்டமும் கூட்டுறவு ஒன்றியம் நடத்தும் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயமும் இருந்தால் போதும். கூட்டுறவைப் பாடமாகப் படித்த சில பட்டங்களுக்குப் பட்டயத்திலிருந்து விலக்கு உண்டு. முதுநிலையின் கைகண்ட பலன் பலருக்கு அந்த விலக்குதான். துணைப் பதிவாளர் பதவிக்கு குரூப் 1 எழுத வேண்டும். அதற்கு எந்தப் பட்டமும் செல்லும். இர்மா கதையும் படிப்பினைதான். கூட்டுறவுகளுக்கு மேலாளர்களை உருவாக்கத் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பட்டதாரிகளை வங்கிகளும் நுண்கடன் நிறுவனங்களும் கம்பெனிகளும் அள்ளிக்கொண்டன. சங்கங்களால் அந்தச் சம்பளம் தர முடியவில்லை. 2025-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இர்மா, திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் அங்கமாகிவிட்டது. சம்பளக் கேள்விக்குப் பெயர்ப்பலகை மாற்றம் பதில் ஆகாது.

மாறான உதாரணம் தொலைவில் இல்லை. புளியரை தாண்டினால் கேரளம். அங்கே வடகரைப் பக்கம் 1925-இல் 14 தொழிலாளர்கள் தொடங்கிய ஊராளுங்கல் கூலி ஒப்பந்தச் சங்கம் இன்று சாலை, பாலம் கட்டுவதோடு கோழிக்கோட்டில் சைபர் பார்க்கும் நடத்துகிறது. ஸ்பெயினின் மோன்ட்ராகனில் பாதிரியார் அரிஸ்மென்டியரியெட்டா 1943-இல் தொழிற்பள்ளி தொடங்கினார். அதில் படித்தவர்கள் 1956-இல் முதல் கூட்டுறவுத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். மோன்ட்ராகனில் பள்ளியும் தொழிற்சாலையும் ஒரே ஊர்க்காரர்கள் கையில் இருந்தன. நம்மிடம் பட்டம் ஒரு பக்கம், சங்கம் ஒரு பக்கம்.

ஆகவே என் தீர்ப்பு இது: கூட்டுறவு முதுநிலைப் படிப்பை மூடிவிட வேண்டியதில்லை, ஆனால் இன்றைய வடிவில் அது கூட்டுறவுத் துறைக்கு ஆள் தயார் செய்யும் படிப்பே. ஒரு பொதுப்பேரவையை அறிவிப்பு முதல் தீர்மானம் வரை உறுப்பினர்களோடு நடத்திக் காட்டாத மாணவருக்குக் களப்பணி மதிப்பெண் போடக் கூடாது. கூட்டுறவு, சமூகப்பணி, வேளாண் வணிகம் மூன்றையும் ஒரு பருவமாவது ஒரே வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அரசு சங்கத் தேர்தலை நடத்தாதவரை இவற்றுக்குப் பாதிப் பலன்தான்.

இந்தப் படிப்பில் சேர நினைக்கும் தென்காசிப் பக்கத்து இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் உங்கள் ஊர்ச் சங்கத்துக்குப் போய்ப் பங்குத்தொகை கட்டி உறுப்பினராகுங்கள். பதினெட்டு வயது முடிந்து, சங்கத்தின் எல்லைக்குள் குடியிருந்தால் கேட்கலாம். துணைவிதியின் பிரதி ஒன்று கேட்டு வாங்கிப் படியுங்கள். அடுத்த பொதுப்பேரவை எப்போது என்றும் கேட்டு வையுங்கள்.